கடைமடைக்கு ஏழு மணி நேரம்

மேலூர் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். வயது 46. பெயர், ஊர், வாய்க்கால் எதையும் இங்கே சொல்லவில்லை. நாலு தாளில் இரு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதத்தின் சாரம் இது:

"வக்கீலம்மாவுக்கு வணக்கம். பெரியாறு கால்வாயில் ஒருபோகப் பகுதி எங்களுடையது. கிளைக் கால்வாயிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலின் கீழ் 48 ஏக்கர். அதில் கடைமடையில் எனக்குச் சொந்தமாக 2 ஏக்கர் 40 சென்ட், வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு இன்னும் ஒரு ஏக்கர். ஐந்து நாள் திறப்பு, நாலு நாள் அடைப்பு என்று முறை வைத்து விடுகிறார்கள். பயிர் பொதிகட்டி (கதிர் வெளியே வரும் தறுவாயில்) நிற்கிறது, வயல் வெடித்துவிட்டது. தலைமடையில் எனக்கு மாமா முறை ஆகிற ஒருவர் வாய்க்காலிலேயே ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை வைத்து, ஆயக்கட்டில் (கால்வாய்ப் பாசனத்துக்குப் பதிவான நிலத்தில்) சேராத மேட்டுப் புஞ்சையில் இருக்கும் தென்னந்தோப்புக்குக் குழாய் போட்டு இழுக்கிறார். பாசன சங்கத் தலைவர் அவருடைய சம்பந்தி. மதகைத் திறந்து அடைக்கும் லஸ்கரிடம் கேட்டால் 'மேலே பேசுங்கள்' என்கிறார். பொறுக்க முடியாமல் அடைப்பு நாள் ஒன்றில் இரவு நானும் மச்சானும் போய் மதகுப் பூட்டை உடைத்து ஷட்டரைத் தூக்கிவிட்டோம். மறுநாள் எங்கள் மேல் புகார். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். போட்டிருக்கிறார்கள். உடைந்த பூட்டு இன்னும் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. முல்லைப் பெரியாற்றின் 999 வருடக் குத்தகைத் தண்ணீரில் எனக்குப் பங்கு இல்லையா? எங்களுக்கு அடைத்துவிட்டு ராமநாதபுரத்துக்குத் திறப்பது என்ன நியாயம்? மதுரை ஹைகோர்ட்டில் ரிட் போட்டால் பயிரைக் காப்பாற்ற முடியுமா? இல்லையென்றால் நாலு லட்சம் கடன் வாங்கி போர் போட்டுவிடட்டுமா? இன்னும் இருபது நாள் தண்ணீர் கிடைத்தால் போதும்."

தம்பி, உங்கள் வயதுக்கு அப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுக்கப் போவதில்லை. பயிருக்கு இருபது நாள்தான் இருக்கிறது என்றால், அந்த இருபது நாளுக்குள் நடக்கக்கூடியது எது, நடக்காதது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 999 வருடம் இரண்டாவது வகையில் சேர்ந்தது.

மதகுப் பக்கம் இனிப் போகாதீர்கள்

அடுத்தவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே விவசாயத்துக்கான நீரைக் குறைப்பது குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-வது பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2024 ஜூலை வரை இந்திய தண்டனைச் சட்டத்தில் 430 என்று இருந்த பிரிவுதான் இது. இதில் உங்களுக்குச் சாதகமும் பாதகமும் சேர்ந்தே இருக்கின்றன. தோப்புக்கு மோட்டார் வைத்து இழுக்கிற மாமா மேல் புகார் கொடுக்க உங்களுக்குக் கிடைக்கும் பிரிவும் இதுதான். அடைப்பு நாளில் ஷட்டரைத் தூக்கி, இன்னொரு வாய்க்காலின் முறை நீரைக் குறைத்ததாக உங்கள் மேல் பாயக்கூடிய பிரிவும் இதுதான். பூட்டு அரசுச் சொத்து என்பதால் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் கூடவே வரும்.

சி.எஸ்.ஆர். என்பது மனு ரசீது மட்டுமே, அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பேசி முடிக்க இன்னும் வழி இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போய் "ஆமாம், நான்தான் உடைத்தேன், என்ன இப்ப?" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த ரோஷம் அதிகம், பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். அழைத்தால் மேலூரில் ஒரு வழக்கறிஞரோடு போங்கள்.

உங்களுக்கு வேண்டியது எவ்வளவு நீர்?

"இருபது நாள் தண்ணீர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அதிகாரியிடமும் இப்படிக் கேட்காதீர்கள், "டேமில் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மணிக்கணக்கில் கேளுங்கள்.

உங்கள் மதகில் ஒரு கன அடி வருகிறது என்று லஸ்கர் சொன்னதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் ஒரு நாளில் 86,400 கன அடி, ஏறத்தாழ 24.5 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்த 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக ஒரு நாளில் 12 ஏக்கர் நனையும், மணிக்கு அரை ஏக்கர். உங்கள் மூன்று ஏக்கர் 40 சென்டுக்கு ஒரு முறைக்கு ஏழு மணி நேரம் போதும்.

வாய்க்கால் முழுவதற்கும் இதே கணக்கைப் போடுங்கள். 48 ஏக்கருக்கு 96 மணி. ஐந்து நாள் திறப்பில் 120 மணி. மிச்சமுள்ள 24 மணி ஓட்டம் வாய்க்கால் குடிப்பதற்கும் கசிவுக்கும் போகும். இழுபறிதான், ஆனாலும் கடைமடை வரை நனையும். இப்போது அந்த மோட்டாரைச் சேருங்கள். அது விநாடிக்கு 10 லிட்டர் இழுத்தாலே போதும். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோப்புக்குப் போய்விடுகிறது. 120 மணியில் 40 மணிக்கு மேல் காணாமல் போகும். அதாவது 20 ஏக்கர். கடைமடையில் உங்களோடு சேர்த்து எட்டுக் குடும்பம், 19 ஏக்கர் காய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரியாக வந்து உட்காருகிறது, பார்த்தீர்களா? அணையில் நீர் இல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் வயலை இந்த வாரம் காயவைப்பது அந்தக் குழாய்.

மனுவில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும். மாமா, சம்பந்தி, பழைய பகை எதுவும் இருக்கக் கூடாது.

உரிமை என்பது முறைதான்

"கால்வாய் என் நிலத்து வழியாகத்தான் போகிறது, என் தண்ணீர்" என்று மாமா சொல்கிறார். "குத்தகைத் தண்ணீர், என் பங்கு" என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டுமே நிற்காது.

அரசு செலவில் வெட்டிய பாசன அமைப்பில் நீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்கு உள்ள அதிகாரத்தை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டது. கரையில் நிலம் இருப்பதால் நீர் யாருக்கும் சொந்தமாகிவிடாது. வாய்க்கால் ஓடும் இடமும் பெரும்பாலும் புறம்போக்காகத்தான் இருக்கும். புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆயக்கட்டில் பதிவான நஞ்சைக்காரராக உங்களுக்கு இருப்பது, இருக்கிற நீரில் வழக்கமான பங்கை உங்கள் முறையில் பெறும் உரிமை. அரசு முறையை மாற்றலாம், சுருக்கலாம். பக்கத்து வயல்காரர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் கையில் இருக்கும் பலம் அதுதான், சின்னதும் அல்ல.

999 வருடக் குத்தகைக்கு வருவோம். 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அரசுச் செயலருக்கும் இடையில் ஆன ஒப்பந்தம் அது. பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்து 1895-இல் நீர் இந்தப் பக்கம் வந்தது. இன்றைக்கு அது இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான விவகாரம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று உறுதி செய்ததும் தமிழ்நாட்டின் வழக்கில்தான். அந்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களோ நானோ மேலூர் கோர்ட்டில் ஒரு குடம் தண்ணீர் கேட்க முடியாது.

ராமநாதபுரத்தார் மேல் கோபப்படாதீர்கள். பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வருவதற்குப் பல தலைமுறை முன்பே வைகையை நம்பிக் கண்மாய் வெட்டியவர்கள் அவர்கள். பழைய ஆயக்கட்டுக்கு வைகையில் விடும் நீரை ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று பங்கு வைத்துத்தான் விடுகிறார்கள். உங்களுக்கு நீங்கள் கடைமடை என்றால், ஆற்றுக்கு அவர்கள் கடைமடை.

120 நாள் என்றால் 120 நாள் அல்ல

நீர் திறப்பு உத்தரவை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, செய்தித்தாளில் வருகிற பூத்தூவும் படத்தோடு நின்றுவிடுகிறோம். ஒருபோகப் பகுதிக்கு வழக்கமாக வரும் உத்தரவில் பெரியாறு பிரதானக் கால்வாயில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கர், ஆக 1,05,002 ஏக்கர் இருக்கும். விநாடிக்கு 1,130 கன அடி. 45 நாள் முழுமையாக, 75 நாள் முறை வைத்து. மொத்தம் 8,461 மில்லியன் கன அடி. வகுத்துப் பாருங்கள். அந்த 75 நாளில் உண்மையில் நீர் ஓடுவது ஏறத்தாழ 42 நாள்தான். உங்கள் ஊரில் வைக்கிற ஐந்து நாள் திறப்பு, நாலு நாள் அடைப்பும் அதே கணக்கில்தான் வருகிறது. யாரும் உங்களை ஏமாற்றி அடைக்கவில்லை.

இன்னொரு வகுத்தலும் போட்டேன். 8,461 மில்லியன் கன அடியை 1,05,002 ஏக்கருக்குப் பங்கிட்டால், ஏக்கருக்கு 56 சென்டிமீட்டர் உயரம்தான் வருகிறது, அதுவும் வழியில் ஒரு சொட்டு வீணாகாமல் இருந்தால். நெல்லுக்கு நாற்றிலிருந்து அறுப்பு வரை ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் வேண்டும் என்பது வேளாண்மைத் துறைக் கணக்கு. மிச்சத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழையையும் கண்மாயையும் நம்பித்தான் அந்த உத்தரவே எழுதப்படுகிறது. 'நீர் இருப்பு, நீர்வரத்தைப் பொறுத்து' என்று கடைசியில் ஒரு வரியும் இருக்கும். மழை பொய்த்த வருடத்தில் 120 நாளை உரிமை என்று வாதாட முடியாமல் போவது அந்த வரியால்தான்.

கள்ளந்திரி மதகுக்கு மேலே 45,041 ஏக்கர் இரண்டு போகம் விளைகிறது, கீழே நமக்கு ஒன்று என்ற ஆதங்கம் மேலூர்ப் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை உண்டு. அதை இந்தக் கடிதத்தில் நீங்கள் கிளப்பாததே பெரிய விஷயம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

எட்டுக் குடும்பமும் சேர்ந்து ஒரே மனு எழுதுங்கள். பட்டா எண், சர்வே எண், ஏக்கர், மேலே சொன்ன மணிக்கணக்கு, மோட்டார் இருக்கும் இடம். கோரிக்கைகள் இரண்டு போதும்: ஆயக்கட்டுக்கு வெளியே போகும் குழாயை எடுக்க வேண்டும், வரும் திறப்பில் கடைமடையிலிருந்து முறை தொடங்க வேண்டும். பயிர் எங்கே அதிகம் காய்கிறதோ அங்கிருந்து தொடங்குவது புதுப் பழக்கம் அல்ல, உங்கள் ஊர் நீர்பாய்ச்சியையோ வயதான யாரையோ கேட்டால் சொல்வார்கள்.

இந்த மனு முதலில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குப் போக வேண்டும். "தலைவரே அவர் சம்பந்தி, அங்கே ஏன்?" என்பீர்கள். முறை வைப்பதும் உறுப்பினர்களுக்குள் வரும் தகராறைக் கேட்பதும் 2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி சங்கத்தின் வேலை. அங்கே போகாமல் மேலே போனால் "சங்கத்தில் கேட்டீர்களா?" என்றுதான் முதல் கேள்வி வரும். தலைவர் கையில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சம்பந்தி என்பதை மனுவில் எழுத வேண்டாம். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதுவே சொல்லிவிடும்.

அதே நாளில் நகல்கள் நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்கும் (ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் சொல்வீர்கள்), தாசில்தாருக்கும், ஆர்.டி.ஓ.வுக்கும் போகட்டும். தாசில்தாருக்கு ஏன் என்றால், அனுமதியில்லாத நிலத்துக்கு அரசு நீரைப் பாய்ச்சினால் தண்டத் தீர்வை போட 1865-இலேயே ஒரு சட்டம் இருக்கிறது, பெரியாற்று நீர் வருவதற்கு 30 வருடம் முந்தியது. தொகை பெரிதாக இருக்காது. ஆனால் வி.ஏ.ஓ. வந்து தோப்பை அளந்து எழுதிவிட்டுப் போனாலே பல மோட்டார்கள் தானாகக் கரையேறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்.டி.ஓ.வுக்கான மனுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீரைப் பயன்படுத்தும் உரிமையில் தகராறு வந்து அடிதடி ஆகும் நிலை இருந்தால், விசாரித்து உத்தரவு போட நிர்வாக நடுவர் என்ற முறையில் அவருக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-வது பிரிவு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவில் உங்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. வருடம் முழுக்க அனுபவிக்கும் உரிமை என்றால் கடந்த மூன்று மாதத்துக்குள் அனுபவித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் அனுபவிக்கும் உரிமை என்றால், கடைசியாக வந்த அந்தப் பருவத்தில் அனுபவித்திருந்தால் போதும். ஒருபோகக்காரர்களுக்கு அந்த வரிதான் உயிர். போன போகத்தில் உங்கள் வயல் இந்த வாய்க்கால் நீரில் விளைந்தது என்பதற்கு அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), நெல் கொள்முதல் நிலைய ரசீது இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள்.

வாய்க்காலில் உங்கள் வயல் வாயில் ஒரு குச்சியை நட்டு அங்குலக் கோடு போடுங்கள். திறப்பு நாள்களில் காலை, மாலை அதே இடத்தில் நின்று செல்போனில் படம் எடுங்கள். மோட்டாரைப் படமெடுக்க அவர் தோப்புக்குள் போகாதீர்கள், வாய்க்கால் கரையில் நின்று எடுத்தால் போதும்.

ரிட் பற்றி

போடலாம். ஆனால் இன்றைக்கு அல்ல. மனு எதுவும் கொடுக்காமல் நேரே போனால், "மனு கொடுங்கள், அதிகாரிகள் இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கட்டும்" என்று முடித்துவைக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வாரங்கள் உங்கள் பயிரிடம் இல்லை. மேலே சொன்ன மனுக்கள் கையில் இருந்து, ஒரு திறப்பு முழுவதும் யாரும் அசையவில்லை என்றால், அப்போது அவசர வழக்காகக் கேட்க முகாந்திரம் இருக்கும்.

மேலூர் முன்சீப் கோர்ட்டில் மாமா மேல் மட்டும் தடையாணை வழக்கும் போடலாம். அரசையும் சேர்த்தால் இரண்டு மாத நோட்டீஸ் என்ற சங்கடம் உண்டு; அவசரம் என்று விலக்குக் கேட்கலாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இப்படி ஒரு தடையாணை வாங்கிக் கொடுத்தேன், பெருமையோடு. நகலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன அன்று அவர் காய்ந்த பயிரை மாட்டுக்கென்று அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "வைங்கம்மா, அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்றார். அதற்குப் பிறகு நீர் வழக்கு என்று யார் வந்தாலும், கட்சிக்காரரின் பயிருக்கு எத்தனை நாள் வயது என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

போர், காப்பீடு, குத்தகை

நாலு லட்சம் கடனில் போர் வேண்டாம். மேலூர் வட்டம் பாறை பூமி. கல் குவாரிகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெடிப்பு அகப்பட்டால் நீர், இல்லாவிட்டால் புழுதி. கால்வாயும் கண்மாயும் நிறைந்தால்தான் அந்த வெடிப்பிலும் நீர் ஊறும் என்பதால், உங்களுக்கு மிகவும் தேவைப்படும் வருடத்தில்தான் அது கைவிடும். இந்தப் பயிருக்கு ஒரு நனைப்பு தவறிப்போனால், பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்று பேசி வாங்குங்கள். பொதியிலிருந்து பால் பிடிக்கும் வரை மட்டும் காயவிடாதீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவதெல்லாம் அதற்கு முந்திய பருவத்தில் செய்ய வேண்டிய சிக்கனம். அடுத்த போகத்துக்கு வேளாண்மை அலுவலரிடம் கேட்டு வையுங்கள்.

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்திருந்தால் (விவசாயியின் பங்கு 1.5 சதவீதம்தான்) ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீர் இல்லாமல் வரும் மகசூல் இழப்பை உங்கள் வயலை வைத்துத் தனியாகப் பார்ப்பதில்லை, உங்கள் பகுதி முழுவதற்கும் அறுவடைப் பரிசோதனை நடத்தித்தான் முடிவு செய்கிறார்கள். தலைமடை நன்றாக விளைந்தால் கடைமடைக்கு ஒன்றும் வராமல் போகலாம். அதை நம்பி மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். வாய்ப்பேச்சுக் குத்தகை ஏக்கருக்கு அடங்கலில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நில உரிமையாளர் பெயர் மட்டும் இருந்தால், மனுவில் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். குத்தகைதாரர் பதிவு பற்றி வேறொரு நாள் பேசுவோம், அது தனிக் கதை.

அறுப்பு முடிந்ததும் ஆர்.டி.ஐ.யில் 10 ரூபாய் கட்டி, உங்கள் மதகின் தினசரி அளவுப் பதிவேட்டையும் முறை அட்டவணையையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் என்பதால் இந்தப் பயிருக்கு உதவாது. அடுத்த செப்டம்பரில் சங்கக் கூட்டத்தில் உட்காரும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் அந்தப் பூட்டு. தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள், தடயத்தை மறைத்தார் என்று இன்னொரு பிரிவு சேரும். நீங்களே கொண்டுபோய் லஸ்கர் கையிலும் கொடுக்க வேண்டாம். கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். மேலூரில் வழக்கறிஞரைப் பார்க்கப் போகிற அன்று, மச்சானையும் கூட்டிக்கொண்டு போய் இருவரும் நடந்ததை நடந்தபடி அவரிடம் சொல்லுங்கள். அதை எப்போது, எப்படி ஒப்படைப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.